"பழுதே இல்லை" என்கிறார்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பழுதான கருவிகள், வாரண்டி, புகார் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டோம். கருவிகள் வேறு வேறாக இருந்தாலும் பாதிக்கும் மேற்பட்ட கடிதங்களில் ஒரே ஆதங்கம்தான்: "நான் சொல்வதை யாரும் நம்ப மறுக்கிறார்கள்." ஆகவே அந்த இடத்திலிருந்தே தொடங்குகிறோம்.

கேள்வி: லேப்டாப் வாங்கி ஏழு மாதம் ஆகிறது. வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொட்டென்று அணைந்துவிடுகிறது. இரண்டு முறை சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன். இரண்டு முறையும் "பழுது எதுவும் காணப்படவில்லை" என்று எழுதித் திருப்பித் தந்துவிட்டார்கள். கொண்டுவந்த அன்றே மறுபடி அணைந்தது. இனி என்ன செய்வது?

பதில்: சர்வீஸ் சென்டருக்குள் உங்கள் புகார் எப்படிப் பயணிக்கிறது என்று பார்த்தால் இது ஏன் நடக்கிறது என்பது புரிந்துவிடும். நீங்கள் கவுண்ட்டரில் ஐந்து நிமிடம் விளக்கியதை, அங்கே இருப்பவர் கணினியில் உள்ள ஒரு பட்டியலில் இருந்து தேர்ந்தெடுத்து "பவர் பிரச்னை" என்று பதிவு செய்கிறார். உள்ளே இருக்கும் டெக்னீஷியன் கண்ணில் படுவது அந்த இரண்டு சொற்கள்தான். அவர் லேப்டாப்பைப் போடுகிறார், ஓடுகிறது. நிறுவனம் கொடுத்த சோதனை மென்பொருளை ஓட்டுகிறார். மெமரி, டிஸ்க், ஃபேன், பேட்டரி எல்லாம் பச்சை. அவர் மேசையில் அடுத்த கருவி காத்திருக்கிறது. "பழுது இல்லை" என்று முடித்துவிடுகிறார்.

வந்து வந்து போகும் பழுதுகளில் கணிசமானவை சூட்டோடு தொடர்புடையவை. மதர்போர்டில் ஒரு சால்டர் இணைப்பில் (பாகங்களை உலோகத்தை உருக்கி ஒட்டிய இடத்தில்) மயிரிழை போல விரிசல் விழுந்திருந்தால், போர்டு சூடேறி விரியும்போது இணைப்பு விடும். ஆறியதும் மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஆறிப்போன நிலையில் கொண்டுபோய்க் கொடுத்த லேப்டாப்பைப் பத்து நிமிடம் சோதித்தால் அந்தப் பழுது தலைகாட்டாது. எனவே எந்தச் சூழலில் அணைகிறது என்பதை நீங்கள்தான் கண்டுபிடித்துத் தர வேண்டும். இதை உங்கள் தலையில் சுமத்துவது நியாயம் அல்ல என்பது எங்களுக்கும் தெரியும். ஆனாலும் இந்த ஒரு வேலை மற்ற எல்லா வாக்குவாதங்களையும் விட அதிகம் சாதிக்கும்.

ஒரு தாளில் ஒவ்வொரு முறை அணையும்போதும் ஆறு விஷயங்களைக் குறியுங்கள்: தேதி, நேரம், போட்டு எத்தனை நிமிடம் ஆகியிருந்தது, சார்ஜர் செருகியிருந்ததா, பேட்டரி எத்தனை சதவீதம், என்ன வேலை ஓடிக்கொண்டிருந்தது. ஐந்தாறு வரி சேர்ந்ததும் திரும்பப் படித்துப் பாருங்கள். சார்ஜரில் இருக்கும்போது மட்டும் அணைந்தால் சந்தேகம் சார்ஜர், அது செருகும் துளை, சார்ஜிங் சர்க்யூட் மீது போகிறது. பேட்டரியில் ஓடும்போது, அதுவும் முப்பது நாற்பது சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே விழுந்தால், சுமை ஏறும்போது ஒரு செல்லின் வோல்டேஜ் சரிகிறது என்று கொள்ளலாம். ஃபேன் இரைந்து, அடிப்பக்கம் கொதித்து, பிறகு அணைந்தால் சூடு வெளியேறவில்லை. எந்த ஒழுங்கும் இல்லாமல், போட்ட இரண்டாம் நிமிடம்கூட அணைந்தால் மெமரியையும் மதர்போர்டையும் பார்க்க வேண்டும்.

பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். அதே வாட் அளவுள்ள வேறு சார்ஜரை இரவல் வாங்கிப் போடுங்கள். யுஎஸ்பி டிரைவில் இருந்து லினக்ஸ் என்ற வேறு இயங்குதளத்தைக் கிளப்பி ஓட்டுங்கள். அதிலும் அணைந்தால் "விண்டோஸை ரீசெட் செய்யுங்கள்" என்ற பேச்சுக்கு இடமே இல்லாமல் போகும்.

விண்டோஸே உங்களுக்காகச் சாட்சி சொல்லும். ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி என்று தட்டினால் நாள்வாரியான ஒரு வரைபடம் திறக்கும். எதிர்பாராமல் அணைந்த நாட்களில் சிவப்பு வட்டமும் பெருக்கல் குறியும் இருக்கும். விண்டோஸின் பதிவேடான ஈவெண்ட் வியூவரில் சிஸ்டம் பகுதிக்குப் போனால் அதே நேரத்தில் கெர்னல் பவர், எண் 41 என்ற பதிவு கிடைக்கும். முறையாக ஷட் டவுன் ஆகாமல் மறுபடி கிளம்பியது என்பதுதான் அதன் பொருள். காரணத்தை அது சொல்லாது. ஆனால் அதற்குள்ளே பக்செக் கோட் என்ற இடத்தில் பூஜ்யம் இருந்தால், பெரும்பாலும் நீலத்திரைப் பிழை எதுவும் பதிவாவதற்கு முன்பே மின்சாரம் துண்டிக்கப்பட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். இந்த இரண்டு திரைகளையும் படம் எடுத்து வையுங்கள்.

வீடியோ எடுக்கும்போது முதலில் அடிப்பக்கத்தில் உள்ள சீரியல் நம்பர், பிறகு திரையில் உள்ள கடிகாரம், பிறகு அணையும் தருணம் என ஒரே ஓட்டமாக எடுங்கள். நடுவில் வெட்டு இருந்தால் அதன் மதிப்பு போய்விடும்.

அடுத்த முறை கொடுக்கும்போது ஜாப் ஷீட்டில் (கருவியை வாங்கிக்கொண்டு எழுதும் புகார்ச் சீட்டில்) "பவர் பிரச்னை" என்று மட்டும் எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். இப்படி எழுதச் சொல்லுங்கள்: "சார்ஜரில் இணைத்து, வீடியோ ஓடும் நிலையில், 35 முதல் 45 நிமிடங்களில் தானாக அணைகிறது. கடந்த 12 நாட்களில் 6 முறை. இதே புகாருக்கு மூன்றாவது வருகை." இந்த மூன்று வாக்கியம் டெக்னீஷியன் கைக்குப் போய்ச் சேர்ந்தால் அவர் சோதிக்கும் விதமே மாறும். திரும்ப வாங்கும்போது எவ்வளவு நேரம் ஓட்டிப் பார்த்தார்கள், சார்ஜரோடா இல்லாமலா, எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள். ஒரே பழுதுக்கு மீண்டும் மீண்டும் வந்த கருவியை மாற்றித் தருவதற்குப் பல நிறுவனங்கள் உள்விதி வைத்திருக்கின்றன. "மூன்றாவது வருகை" என்பது பதிவில் இருந்தால்தான் அந்த விதி உங்களுக்குப் பயன்படும்.

கேள்வி: ஹார்ட் டிஸ்க் அடிக்கடி தடுமாறுகிறது. நிறுவனத்துக்கு எழுதினால் "ஸ்மார்ட் ரிப்போர்ட் அனுப்புங்கள்" என்கிறார்கள். அதில் எதைப் பார்ப்பது?

பதில்: டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே எழுதி வைக்கும் பட்டியல் அது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் தெரியும். எண் 5, கெட்டுப்போய் ஒதுக்கப்பட்ட செக்டர்களின், அதாவது டிஸ்க்கில் தரவு எழுதும் சிறு பகுதிகளின் கணக்கு. 197, படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. 198, எந்த வகையிலும் திருத்த முடியாதவை. இவற்றில் அசல் மதிப்பு பூஜ்யத்துக்கு மேல் இருந்து, ஒரு வாரத்தில் ஏறிக்கொண்டும் போனால் தரவை உடனே நகல் எடுத்துவிட்டு டிஸ்க்கை மாற்றக் கேளுங்கள். இரண்டு தேதிகளில் எடுத்த இரண்டு படங்களை அனுப்பினால் வாதம் வளராது. பல மென்பொருள்கள் அசல் மதிப்பைப் பதினாறின் அடிமான எண்ணில் காட்டும். அமைப்புகளில் அதைச் சாதாரணப் பதின்ம எண்ணுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

199 மட்டும் ஏறினால் பொறுங்கள். அது டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையே போகும் வழியில் தரவு சிதைகிறது என்பதன் கணக்கு. பெரும்பாலும் இரண்டையும் இணைக்கும் சாட்டா கேபிள்தான் குற்றவாளி. கேபிளை மாற்றிப் பாருங்கள். பழைய எண் குறையாது, ஏறுவது நின்றால் போதும். நல்ல டிஸ்க்கை அனுப்பிவிட்டு, மாற்றி வந்த டிஸ்க்கிலும் அதே தொல்லை என்று எழுதுகிறவர்கள் நிறைய. கேபிளை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

கேள்வி: ஒரு மாடல் முழுவதிலுமே குறை இருந்தாலும் நிறுவனங்கள் முதலில் மறுக்கின்றன, பிறகு ஒப்புக்கொள்கின்றன. ஏன் இப்படி? என் கருவியும் அப்படிப்பட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: 1994இல் நடந்தது இன்றைக்கும் பாடம். இன்டெலின் பென்டியம் சிப்பில் வகுத்தல் கணக்கை வேகமாகச் செய்வதற்கு 1066 மதிப்புகள் கொண்ட ஓர் அட்டவணை இருந்தது. அதில் ஐந்து இடங்கள் நிரப்பப்படாமல் விடுபட்டுவிட்டன. விளைவு, 4195835ஐ 3145727ஆல் வகுத்தால் 1.33382 என்று வர வேண்டியது 1.33374 என்று வந்தது. நான்காம் தசம இடத்திலிருந்து எல்லாம் தவறு. அமெரிக்காவில் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி பகா எண்கள் பற்றிய தன் கணக்கில் இடறி, மாதக்கணக்கில் மற்ற எல்லாக் காரணங்களையும் ஒவ்வொன்றாகக் கழித்து, அக்டோபர் இறுதியில் சிப்தான் காரணம் என்று பலருக்கும் எழுதினார்.

இன்டெலின் பதில், சாதாரணமாக விரிதாள் பயன்படுத்துபவருக்கு இந்தப் பிழை 27,000 ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும் என்பது. துல்லியமான கணக்கு எனக்குத் தேவை என்று காட்டுகிறவர்களுக்கு மட்டும் மாற்றித் தருவதாகச் சொன்னது. டிசம்பர் 12 அன்று ஐபிஎம் அந்தச் சிப் உள்ள கணினிகளை அனுப்புவதை நிறுத்தியது. டிசம்பர் 20 அன்று, கேட்கும் எவருக்கும் மாற்றித் தருகிறோம் என்று இன்டெல் இறங்கி வந்தது. அதற்காக 47.5 கோடி டாலர் ஒதுக்க வேண்டியிருந்தது. மக்களைக் கொதிக்க வைத்தது பிழையை விட, "உனக்கு இது தேவையா என்பதை நாங்கள் முடிவு செய்வோம்" என்ற தொனிதான்.

மறுப்பதற்குப் பின்னால் கணக்கும் இருக்கிறது. ஒவ்வொரு மாடலுக்கும் இத்தனை சதவீதம் பழுதாகும் என்று எதிர்பார்த்து முன்கூட்டியே பணம் ஒதுக்குவார்கள். அந்த எதிர்பார்ப்பைத் தாண்டாத வரை தனித்தனிப் பழுதாகவே நடத்துவார்கள். தாண்டிய பிறகு பொறியாளர்கள் திரும்பி வந்த கருவிகளைப் பிரித்துப் பார்த்து, எந்தத் தேதியில், எந்த ஆலையில், எந்தப் பாகத்தில் என்று வரையறுக்க வேண்டும். அதற்கு மாதங்கள் பிடிக்கும். எக்ஸ்பாக்ஸ் 360இல் மூன்று சிவப்பு விளக்குப் பழுதுக்கு மைக்ரோசாஃப்ட் 2007 ஜூலையில் வாரண்டியை மூன்று ஆண்டாக நீட்டியபோது 105 முதல் 115 கோடி டாலர் வரை ஒதுக்கியது. 2015 முதல் வந்த மேக்புக்குகளின் பட்டர்ஃபிளை கீபோர்டுக்கு ஆப்பிள் சிறப்புச் சர்வீஸ் திட்டம் அறிவித்தது 2018 ஜூனில்தான். இடைப்பட்ட காலத்தில் பலர் கைக்காசு போட்டுப் பழுதுபார்த்திருந்தார்கள்.

நல்ல செய்தி அங்கேதான் இருக்கிறது. இந்த இரண்டு திட்டங்களிலும், முன்பே பணம் கட்டிப் பழுதுபார்த்தவர்களுக்கு அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். எனவே வாரண்டி முடிந்து பணம் கட்டினாலும் பில்லையும் ஜாப் ஷீட்டையும் தூக்கி எறியாதீர்கள். நிறுவனத்தின் சப்போர்ட் பக்கத்தில் "சர்வீஸ் புரோகிராம்", "நீட்டிக்கப்பட்ட வாரண்டி", "ரீகால்" என்ற தலைப்புகளில் உங்கள் மாடலைத் தேடுங்கள். சீரியல் நம்பரைக் கொடுத்தால் அது அந்த வரிசையில் சேர்ந்ததா என்று சொல்லிவிடும். இந்த அறிவிப்புகளை வாங்கியவர்களுக்கு எல்லாம் கடிதம் போட்டுச் சொல்வார்கள் என்று நம்பியிருக்க வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீங்களே போய்ப் பாருங்கள். கவுண்ட்டரில் இருப்பவருக்கே சில நேரம் தெரிந்திருக்காது. பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு போங்கள்.

கேள்வி: என் போன் தண்ணீரில் விழவே இல்லை. ஆனால் "உள்ளே ஸ்டிக்கர் சிவந்திருக்கிறது, வாரண்டி கிடையாது" என்று கைவிரித்துவிட்டார்கள்.

பதில்: அந்த ஸ்டிக்கர் ஒரு சிறிய வெள்ளைக் காகிதம். மேலே உறிஞ்சும் படலம், அடியில் சாயம். நீர் படலத்தில் ஊறினால் சாயம் மேலே வந்து சிவக்கும், பிறகு காய்ந்தாலும் வெளுக்காது. போன்களில் ஒன்றைப் பெரும்பாலும் சிம் தட்டின் பள்ளத்துக்குள் வைத்திருப்பார்கள். தட்டை உருவி, டார்ச் அடித்துச் சாய்வாகப் பார்த்தால் நீங்களே காணலாம். போனை ஒப்படைக்கும் முன்பு அது வெள்ளையாக இருப்பதைப் படம் எடுத்து வைப்பது நல்ல பழக்கம்.

அது ஒரு குறிப்பு, தீர்ப்பு அல்ல. நீர் எங்கே பட்டது, எவ்வளவு, அதனால்தான் இந்தப் பழுதா என்று அதற்குத் தெரியாது. இந்த ஸ்டிக்கரை மட்டுமே வைத்துப் பழைய ஐபோன்களுக்கும் ஐபாட் டச்களுக்கும் வாரண்டி மறுத்தது தொடர்பான வழக்கில் ஆப்பிள் 2013இல் 5.3 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. எனவே கேளுங்கள்: போர்டில் அரிப்பு இருக்கிறதா, எந்த இடத்தில், படம் தர முடியுமா? உண்மையில் நீர் புகுந்திருந்தால் கனெக்டர் ஓரங்களில் பச்சையாகவோ வெள்ளைப் பொடியாகவோ பூத்திருக்கும். அது எதுவும் இல்லாமல் ஸ்டிக்கர் மட்டும் சிவந்திருந்தால் உங்கள் மறுப்பை எழுத்தில் பதிந்து, மேல்மட்டத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

"ஐபி 68 என்றுதானே விற்றார்கள்" என்று கேட்டவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறோம். ஐபி என்பது தூசும் நீரும் புகாமல் எவ்வளவு தாங்கும் என்பதற்கான தரக்குறி. ஐபி 67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். 68இன் ஆழமும் நேரமும் நிறுவனம் தானே அறிவிப்பது. இரண்டும் புதிய கருவியை நல்ல தண்ணீரில் வைத்துப் பார்க்கும் சோதனை. சோப்பு நீர், உப்பு நீர், நீராவி கணக்கில் இல்லை. திரையைச் சுற்றி உள்ள பசை நாளடைவில் தளரும். திரை மாற்றியபோது பழைய பசையைச் சுரண்டிவிட்டுப் புதிய ஒட்டுப்பட்டை போடவில்லை என்றால் அன்றோடு அந்தப் பாதுகாப்பு போயிற்று.

கேள்வி: லேப்டாப்பின் டச்பேட் மேலே தூக்கிக்கொண்டிருக்கிறது, கிளிக் ஆக மறுக்கிறது. மூடியும் சரியாக மூடவில்லை. வாரண்டி முடிந்துவிட்டது. அப்படியே பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. இப்போதே அணைத்து, சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். அது பேட்டரி வீக்கம். உள்ளே எலக்ட்ரோலைட் சிதைந்து வாயு சேர்ந்திருக்கிறது. அழுத்தி மூடாதீர்கள், மேலே புத்தகம் அடுக்காதீர்கள், ஊசியால் குத்தி வாயுவை இறக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். குத்தினால் உள்ளே இருக்கும் தகடுகள் ஒன்றோடொன்று தொட்டுத் தீப்பிடிக்கும். தரை ஓடு அல்லது செங்கல் மீது, துணி, காகிதம், மெத்தைக்கு எட்டத்தில் வையுங்கள்.

நிறுவனத்துக்குப் பேசும்போது "பேட்டரி சரியில்லை" என்று சொன்னால் தேய்மானப் பொருள் பட்டியலில் போட்டுவிடுவார்கள். "பேட்டரி வீங்கியிருக்கிறது, பாதுகாப்புப் புகாராகப் பதிவு செய்யுங்கள்" என்று சொல்லுங்கள். பெரிய நிறுவனங்களில் பாதுகாப்புப் புகார்களுக்குத் தனிப் பாதை உண்டு. அமெரிக்காவில், ஆபத்தான குறை என்று தெரியவந்தால் 24 மணி நேரத்துக்குள் அரசு ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. வாரண்டி முடிந்த கருவியிலும் இத்தகைய புகாருக்குச் செவிசாய்ப்பது அதனால்தான்.

கூரியரில் அனுப்பிவிடாதீர்கள். சேதமான லித்தியம் பேட்டரிகளை விமானத்தில் ஏற்றத் தடை இருக்கிறது. 2016இல் கேலக்ஸி நோட் 7 போன்களைத் திரும்பப் பெற்றபோது சாம்சங் தீயைத் தாங்கும் உட்பெட்டியும் கையுறையும் சேர்த்து அனுப்ப வேண்டியிருந்தது. அந்த விவகாரத்தில் இன்னொன்றும் கவனிக்க வேண்டியது: முதலில் வந்த போன்களின் பேட்டரியில் ஒரு மூலை நசுங்கி மின்முனை வளைந்திருந்தது. அவற்றுக்குப் பதிலாக வேறு நிறுவனத்தின் பேட்டரி போட்டு அனுப்பிய போன்களில் வெல்டிங் பிசிறு உறையைத் துளைத்தது. இரண்டும் வெவ்வேறு குறை. அவசரமாக மாற்றிக் கொடுத்தது தீர்வாகவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் தயாரிப்பையே நிறுத்தினார்கள். ரீகாலில் மாற்றிக் கிடைத்த கருவி என்பதற்காக அதைக் கண்காணிக்காமல் விட வேண்டாம்.

கேள்வி: புது மானிட்டரில் மூன்று புள்ளிகள் எப்போதும் எரிகின்றன. "இது அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருக்கிறது" என்கிறார்கள். அப்படி ஒரு அளவு உண்டா?

பதில்: உண்டு. ஐஎஸ்ஓ 13406-2 என்ற பழைய தரவிதியில் இருந்து வந்த கணக்கு அது. இரண்டாம் வகுப்புத் திரையில் பத்து லட்சம் பிக்சலுக்கு எப்போதும் எரிபவை 2, எப்போதும் அணைந்தவை 2, துணைப்பிக்சல் (ஒரு பிக்சலுக்குள் உள்ள சிவப்பு, பச்சை, நீலப் பகுதி) குறைகள் 5 வரை இருக்கலாம். 1920க்கு 1080 திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல். ஆக 4 எரியும் புள்ளிகள் வரை விதிக்குள் அடங்கிவிடும். 4கே திரையில் சுமார் 83 லட்சம் என்பதால் 16 வரை! பல நிறுவனங்கள் இதைவிடக் கடுமையான எல்லையைத் தாமே வைத்திருக்கின்றன, எரியும் புள்ளி ஒன்று இருந்தாலே மாற்றித் தருபவையும் உண்டு. உங்கள் மாடலின் பிக்சல் கொள்கையைப் படித்துப் பாருங்கள். அதைவிட முக்கியம், விற்றவர் தரும் திருப்பிக் கொடுக்கும் காலம். அதற்குப் பெரும்பாலும் இந்த எண்ணிக்கை பொருந்தாது. வந்த அன்றே அறையை இருட்டாக்கி, கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என ஐந்து முழுத்திரைப் படங்களை ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் எதையெல்லாம் மறக்கக் கூடாது?

பதில்: மதர்போர்டை மாற்றுவார்கள் என்றே நினைத்துக்கொண்டு தயாராகுங்கள். இன்றைய போன்களிலும் மெல்லிய லேப்டாப்கள் பலவற்றிலும் ஸ்டோரேஜ் போர்டோடு சேர்த்துச் சால்டர் செய்யப்பட்டிருக்கிறது. போர்டு போனால் படமும் கோப்பும் போகும். தனி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) இருந்தாலும் ஆபத்து உண்டு. விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இயங்கினால் அதன் பூட்டு மதர்போர்டில் உள்ள டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்போடு கட்டப்பட்டிருக்கும். புது போர்டு வந்ததும் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது இல்லாவிட்டால் சேதமே ஆகாத டிஸ்க்கில் இருந்தும் ஒரு கோப்பைக்கூட எடுக்க முடியாது. பிட்லாக்கரை நாம் போட்ட நினைவே இல்லாமல் பல புது லேப்டாப்களில் அது தானாக இயங்கிக்கொண்டிருக்கும். இன்றைக்கே மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் இருக்கிறதா என்று பார்த்துத் தாளில் எழுதி வையுங்கள்.

போனில் "தொலைந்தால் கண்டுபிடிக்கும்" வசதியை அணையுங்கள், இல்லாவிட்டால் வேலையைத் தொடங்காமலே திருப்பி அனுப்புவார்கள். சிம், மெமரி கார்டு, உறை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். உங்கள் பாஸ்வேர்டை ஜாப் ஷீட்டில் எழுதித் தராதீர்கள். போன் உயிரோடு இருந்தால் நகல் எடுத்துவிட்டு அழித்துக் கொடுங்கள். லேப்டாப் என்றால் தனியாக ஒரு கணக்கு உருவாக்கி அதன் பாஸ்வேர்டை மட்டும் தரலாம்.

கேள்வி: அப்டேட் போட்டால் பழுதாகிறது என்று பயந்து எதையும் போடுவதில்லை. சரிதானே?

பதில்: பயம் புரிகிறது, ஆனால் எதையும் போடாமல் இருப்பதும் கெடுக்கும். ஹெச்பி எண்டர்பிரைஸ் 2019 நவம்பரில் அறிவித்ததைப் பாருங்கள்: அவர்கள் விற்ற சில எஸ்எஸ்டிகள் 32,768 மணி நேரம் ஓடி முடித்ததும் மொத்தமாகச் செத்துவிடும், தரவும் திரும்பாது. அதாவது 3 ஆண்டு, 270 நாள், 8 மணி. 32,768 என்பது இரண்டின் பதினைந்தாம் அடுக்கு. குறியுள்ள 16 பிட் எண்ணில் ஏறக்கூடிய உச்சத்தை அது தாண்டிவிடுகிறது. ஒரே நாளில் சேர்த்துப் பொருத்திய டிஸ்க்குகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் போகும் என்பதால், பல டிஸ்க்குகளைச் சேர்த்துத் தரவைக் காக்கும் ரெய்டும் காப்பாற்றாது. முன்கூட்டியே திருத்திய ஃபர்ம்வேர் (டிஸ்க்குக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் மென்பொருள்) போட்டவர்கள் தப்பினார்கள்.

இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகளிலும் இதே கதைதான். வோல்டேஜ் அளவுக்கு மீறிப் போவதைத் தடுக்க 2024 ஆகஸ்டில் மைக்ரோகோட் (சிப்பின் உள் கட்டளைகளுக்கான திருத்தம்) வந்தது. ஏற்கெனவே நலிந்துவிட்ட சிப்பை அது மீட்காது. தனிப்பெட்டியில் விற்ற சிப்புகளுக்கு வாரண்டியை இரண்டு ஆண்டு கூட்டி ஐந்தாக்கினார்கள். அந்தச் சிப் வைத்திருப்பவர்கள் பயாஸை (கணினியைக் கிளப்பும் மதர்போர்டு மென்பொருளை) உடனே புதுப்பியுங்கள். பொதுவாகப் புதிய அம்சங்கள் தரும் பெரிய அப்டேட்டை இரண்டு வாரம் தள்ளிப்போடலாம். பாதுகாப்புத் திருத்தத்தையும் ஃபர்ம்வேர் எச்சரிக்கையையும் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: ஸ்டிக்கரைக் கிழித்துத் திறந்து மெமரி சேர்த்தேன். இப்போது திரை பழுது. வாரண்டி போய்விட்டதா?

பதில்: நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேறு பாகம் போட்டதையோ வேறிடத்தில் பழுதுபார்த்ததையோ மட்டும் காரணம் காட்டி வாரண்டியை மறுக்க முடியாது. "ஸ்டிக்கர் கிழிந்தால் வாரண்டி இல்லை" என்று எழுதிய நிறுவனங்களுக்கு 2018இல் அங்குள்ள வணிக ஆணையம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. எங்கே இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: நான் சேர்த்த மெமரி இந்தத் திரைப் பழுதுக்கு எப்படிக் காரணம்? பழைய மெமரி கையில் இருந்தால் அதையே பொருத்திக் கொடுங்கள். சோதனையில் குழப்பம் குறையும். திறந்ததை மறைக்காதீர்கள், கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.

கேள்வி: எத்தனை மெயில் போட்டாலும் கிணற்றில் போட்ட கல். எப்படி எழுதினால் பதில் வரும்?

பதில்: நீங்கள் அனுப்பிய நகலைப் படித்தோம். நான்கு பக்கம். பட்ட வேதனை அத்தனையும் உண்மை. ஆனால் சீரியல் நம்பர் மூன்றாம் பக்கத்தில், என்ன வேண்டும் என்பது எங்குமே இல்லை. படிப்பவர் உங்கள் மெயிலில் இருந்து எடுத்துத் தன் திரையில் நிரப்ப வேண்டிய கட்டங்கள் சிலவே. அவற்றை நீங்களே வரிசையாகக் கொடுத்துவிடுங்கள். தலைப்பில் பழைய புகார் எண்ணும் மாடலும். உள்ளே இப்படி:

"மாடல், சீரியல் நம்பர், வாங்கிய தேதி: ... பழுது: சார்ஜரில் 35 முதல் 45 நிமிடங்களில் அணைகிறது. மார்ச் 3, 11, 19 ஆகிய தேதிகளில் உங்கள் மையத்தில் கொடுத்து, மூன்று முறையும் பழுது இல்லை என்று திரும்பியது (ஜாப் ஷீட் எண்கள் இணைப்பில்). வேறு சார்ஜர், வேறு இயங்குதளம் இரண்டிலும் சோதித்தேன், பழுது தொடர்கிறது. வெட்டில்லாத வீடியோவும் பதிவுகளின் படமும் இணைத்துள்ளேன். என் கோரிக்கை: மதர்போர்டு மாற்றம் அல்லது கருவி மாற்றம். 10 வேலை நாட்களுக்குள் எழுத்தில் பதில் தேவை. இயலாவிட்டால் மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் தரவும்."

கடைசி வாக்கியத்தை விடாதீர்கள். எழுத்தில் வந்த மறுப்புதான் நுகர்வோர் அமைப்புக்கோ நீதிமன்றத்துக்கோ போகும்போது கையில் இருக்க வேண்டிய காகிதம். தொலைபேசியில் பேசினால், பேசிய அதே நாளில் "இன்று இத்தனை மணிக்கு நீங்கள் சொன்னது இது" என்று ஒரு மெயில் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு முறையும் புதுப் புகார் எண் திறக்காமல் பழையதிலேயே தொடருங்கள். புது எண் என்றால் உங்கள் வரலாறு அங்கே பூஜ்யத்தில் இருந்து தொடங்கும். பொதுவெளியில் பதிவிடுவது என்றால் இந்த மெயிலுக்குப் பதில் வராத பிறகு செய்யுங்கள், அதில் பில்லையும் ஐஎம்இஐ எண்ணையும் (போனின் தனி அடையாள எண்ணையும்) போட வேண்டாம்.

கேள்வி: பழுதான போனுக்குப் பதில் புதுப்பித்த போனைத் தந்திருக்கிறார்கள். வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: வாரண்டி விதிகள் பெரும்பாலும் அதை அனுமதிக்கின்றன. வாங்கிய சில நாட்களுக்குள்ளேயே பழுதானது என்றால் மட்டும் புதியதையே கேட்டுப் போராடுங்கள். வாங்கிக்கொண்டால் முதல் வேலை, புது ஐஎம்இஐ எண் உங்கள் பெயரில், சரியான முடிவுத் தேதியோடு நிறுவனத்தின் வாரண்டிப் பதிவில் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது. மீதமுள்ள வாரண்டி அல்லது 90 நாள், இதில் எது அதிகமோ அது என்பது பரவலான விதி. பிறகு அன்றே பேட்டரியின் நிலை, இரண்டு கேமரா, மூன்று மைக், ஸ்பீக்கர், கைரேகை, வைஃபை, சிம் சிக்னல், சார்ஜிங் துளையில் கேபிள் ஆடுகிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். குறை தெரிந்தால் மறுநாளைக்கு விடாமல், பழைய புகார் எண்ணிலேயே எழுதுங்கள்.